கேஸ் கிட் போட்ட காரில் வால்வு தேய்மானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் போட்டால் வால்வு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சில எஞ்சின்கள் எல்பிஜியிலேயே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. வேறு சில, சில பத்தாயிரம் கிலோமீட்டரிலேயே ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்ற வைத்துவிடும். வால்வு உட்காரும் சீட் எந்த உலோகம், கிட்டை எப்படிச் செட் செய்திருக்கிறார்கள், டேப்பெட்டை (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) யாராவது அளந்து பார்க்கிறார்களா என்ற மூன்றில்தான் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது கார் கம்பெனி முடிவு செய்தது, ஹெட்டைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

சரியாக எது தேய்கிறது?

பெரும்பாலும் வால்வு அல்ல, அது உட்காரும் சீட். பணிமனையில் "வால்வு தேஞ்சுபோச்சு" என்பார்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வால்வின் முகத்தில் லேசான பள்ளம் இருக்கும். சீட்டோ வால்வு உள்ளே புதையும் அளவுக்கு இறங்கியிருக்கும்.

எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை சீட்டில் வந்து அறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் (எரிந்த புகையை வெளியே விடுவது) தலை 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்தச் சூட்டில் இரண்டு உலோகமும் நேரடியாகத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை வால்வு திறக்கும்போது அந்தப் புள்ளிகள் பிய்ந்து வரும். எரியும் அழுத்தத்தில் வால்வின் தலை சற்று வளைந்து சீட்டின்மேல் தேய்ப்பதும் இதோடு சேரும். இப்படித்தான் சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது.

பெட்ரோலில் இது ஏன் நடப்பதில்லை?

நடக்கிறது, மெதுவாக. பெட்ரோலிலும் அதில் கலந்த சேர்மானங்களிலும் இருந்து படியும் மெல்லிய படலம் இரண்டு உலோகத்துக்கும் நடுவே திரைபோல நிற்கும். இந்தியாவில் 2000 பிப்ரவரி வரை பெட்ரோலில் ஈயம் இருந்தது. சீட்டுக்கு அதைவிட நல்ல மசகு கிடையாது. ஈயம் போனதும் கம்பெனிகள் கடினமான சீட்டுக்கு மாறின.

காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் இன்லெட் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) எஞ்சினில் பெட்ரோல் திரவமாகவே இன்லெட் வால்வின் முதுகில் தெளிக்கிறது. ஆவியாகும்போது வால்வைக் குளிர்விக்கிறது, நனைத்தும் வைக்கிறது. எல்பிஜியோ அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரிலேயே வாயுவாகிவிடுகிறது. வால்வுக்கு வந்து சேர்வது உலர்ந்த, சுத்தமான வாயு. எஞ்சின் உள்ளே கரி இல்லாமல் பளபளவென்று இருப்பதும் அதனால்தான், சீட் அடி வாங்குவதும் அதனால்தான். எக்ஸாஸ்ட் மட்டும்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். சில எஞ்சின்களில் இன்லெட் சீட் முதலில் இறங்குவது இதனால்தான்.

கேஸ் அதிகச் சூட்டில் எரிவதால் வால்வு கருகுகிறது என்கிறார்களே?

மெக்கானிக்குகள் அடிக்கடி சொல்லும் காரணம் இதுதான். ஆனால் சரியான கலவையில் எரியும் எல்பிஜியின் சூட்டுக்கும் பெட்ரோலின் சூட்டுக்கும் வால்வைக் கருக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. சூட்டை ஏற்றுவது தவறான செட்டிங். கேஸ் குறைவாகப் போய்க் கலவை லீன் ஆவது ஒன்று. இக்னிஷன் டைமிங் பின்தங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ எரிந்துகொண்டே இருப்பது இன்னொன்று. மைலேஜ் கூட வேண்டும் என்று கேஸ் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போகும் பழக்கம் எத்தனையோ ஹெட்டைத் தின்றிருக்கிறது.

எந்த எஞ்சினில் பயம் அதிகம்?

பழைய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் இரும்பு ஹெட்டிலேயே நேராக சீட் வெட்டப்பட்டிருக்கும். தனி வளையம் கிடையாது. ஈயப் பெட்ரோலை நம்பிச் செய்த எஞ்சின் அது, கேஸில் மிகக் கவனம் வேண்டும். அலுமினிய ஹெட் உள்ள கிட்டத்தட்ட எல்லா எஞ்சினிலும் தனி சீட் வளையம் இருக்கும். மாருதி 800, ஆம்னி முதல் இன்றைய கார்கள் வரை பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் வளையம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது என்ன உலோகம் என்பதே கேள்வி. ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்கும் சீட், உலர்ந்த கேஸுக்கும் தாக்குப்பிடிக்கும் என்று உறுதி இல்லை.

2006-ல் வந்த வேகன் ஆர் டுவோ போல, கம்பெனியே கேஸ் கிட்டோடு விற்ற காரை வெளியே கிட் மாட்டிய காரோடு ஒப்பிட வேண்டாம். கேஸுக்கென்று தயாரிக்கும்போது சீட், வால்வு உலோகத்தையும் எஞ்சின் மேப்பையும் (எப்போது எவ்வளவு எரிபொருள் என்ற கணக்கு) அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியும்.

சிஎன்ஜிக்கும் இதே கதைதானா?

ஆமாம். அதுவும் உலர்ந்த வாயுதான். இந்தப் பக்கத்தில் உள்ள கிளியரன்ஸ் (டேப்பெட் இடைவெளி), லீன் கலவை, கூலண்ட் விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

வால்வு தேய்ந்தால் டேப்பெட் சத்தம் வருமா?

வராது, இருந்த சத்தமும் குறையும். பலர் ஏமாறும் இடம் இதுதான். வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்க, அதன் தண்டு மேலே ஏறும். தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் (அல்லது தண்டின்மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும்) நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கும். லேசாக "டக் டக்" என்றிருந்த எஞ்சின் அமைதியாகிவிடும். ஓட்டுநர் சந்தோஷப்படுவார். உள்ளே வால்வு முழுசாக மூட முடியாத நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

இடைவெளி பூஜ்யமானதும் வால்வு சீட்டில் சரியாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது. அந்த வழி அடைபட்டு, இடுக்கில் தீயும் பீறிட ஆரம்பித்தால், வால்வின் விளிம்பில் பிட்ஸா துண்டு வெட்டி எடுத்தது போல ஓட்டை விழும். தேய்மானம் மாதக்கணக்கில் நடக்கும், கருகுவது ஒரே நெடுஞ்சாலைப் பயணத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் என்ன அறிகுறி?

காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் ஐடிலிங் நடுங்கும், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிவிடும். மேட்டில் பிக்கப் குறையும். பெட்ரோலுக்கு மாற்றினாலும் நடுக்கம் போகாது என்பதுதான் முக்கியம். கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் சீராக ஓடுகிறது என்றால் முதலில் கேஸ் இன்ஜெக்டர், ஃபில்டர், ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், வால்வு பிறகு. பிளக் இடைவெளி 1.1 மி.மீ. இருந்தால் கேஸுக்கு 0.8 அல்லது 0.9 ஆக்கிப் பாருங்கள். பாதி மிஸ்ஸிங் அங்கேயே தீரும்.

கிளியரன்ஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

கிட் மாட்டும் முன்பே ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இது இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? அடுத்து 5,000 கிலோமீட்டரில், பிறகு 10,000-க்கு ஒருமுறை. மூன்று அளவுகள் தொடர்ந்து மாறாமல் இருந்தால் 20,000 என்று தள்ளிப் போடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. டொயோட்டா கரோலாவின் 1.8 லிட்டர் 1இசட்இசட் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் 0.33 இருந்தது, 10,000-ல் 0.30, 20,000-ல் 0.27 என்று வந்தால் வேகம் தெரிந்துவிட்டது. அடுத்த 10,000-ல் அது எல்லைக்குக் கீழே போகும். அவசரமில்லை, ஆனால் அடுத்த சர்வீஸில் பக்கெட் மாற்றத் திட்டமிட வேண்டும். அதே இடத்தில் 0.33, 0.22, 0.10 என்று வந்தால் கிளியரன்ஸ் சரிசெய்வது வீண்வேலை. கலவை லீனா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் சீட் தாங்கவில்லை என்று அர்த்தம்.

எல்லா வால்வும் சமமாக இறங்குகிறதா, ஒன்று மட்டும் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் கேஸ் இன்ஜெக்டர் அடைப்பைச் சந்தேகப்படலாம்.

ராக்கர் ஸ்க்ரூ உள்ள எஞ்சினில் எப்படி அளப்பது?

மாருதி 800 போன்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில்தான் அளக்க வேண்டும், ஓடி வந்த வண்டியில் அளவு வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். டேப்பெட் கவரை எடுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்து, அதன் இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் ஆடும் நிலையில் நிறுத்துங்கள். இரண்டும் இறுகியிருந்தால் ஒரு சுற்று தள்ளி நிற்கிறீர்கள்.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைக்கும்போது "கொஞ்சம் பிடிக்கிற மாதிரி" என்ற கணக்கில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அதைவிட நல்ல முறை: 0.15 நுழைகிறதா, 0.18 நுழையவில்லையா என்று பார்த்து, 0.15-க்கும் 0.18-க்கும் நடுவே என்று எழுதுங்கள். முதலில் எல்லாவற்றையும் அளந்து எழுதி முடித்த பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அளந்த உடனே திருகிவிட்டால் பழைய அளவு போய்விடும், தேய்மான வேகம் தெரியாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும். இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

ராக்கர் நுனியில் பள்ளம் விழுந்திருந்தால் கேஜ் அந்தப் பள்ளத்தின்மேல் பாலம்போலப் படுத்துக்கொள்ளும். கேஜ் 0.15 காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கேஸில் ஓடும் வண்டிக்குக் கையேட்டின் எல்லைக்குள் மேல்பக்க அளவை வைப்பது எங்கள் வழக்கம். 0.25 முதல் 0.35 என்றால் 0.33. கொஞ்சம் சத்தம் கேட்கும், கேட்கட்டும். எல்லையைத் தாண்டி வைக்கக் கூடாது. அப்போது வால்வு வேகமாக வந்து அறைந்து சீட் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

ஷிம், பக்கெட் வகையில்?

ஸ்க்ரூ இல்லை. பக்கெட்மேல் இருக்கும் வட்டத் தகட்டையோ, பக்கெட்டையே முழுசாகவோ மாற்ற வேண்டும். கணக்கு ஒன்றுதான்: பழைய கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். பழைய பக்கெட் 5.40 மி.மீ., இடைவெளி 0.16, வேண்டியது 0.30 என்றால் 5.40 + 0.16 − 0.30 = 5.26. பக்கெட் மாற்றக் கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே கழற்றும் முன் எல்லா வால்வையும் அளந்து, தேவையான கனங்களைப் பட்டியல் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கிடைப்பதிலேயே மெல்லிய பக்கெட்டும் போதாத கட்டத்தில் ஹெட் வேலை தவிர வேறு வழியில்லை.

ஹைட்ராலிக் டேப்பெட் இருந்தால் தொல்லை இல்லைதானே?

அளக்கும் தொல்லைதான் இல்லை. சீட் இறங்க இறங்க லிஃப்டர் (அந்த டேப்பெட்தான்) தானாகச் சுருங்கி ஈடுகட்டும். அதன் ஓட்டம் தீர்ந்ததும் ஒரே நாளில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) போய்விடும், முன்னறிவிப்பு கிடைக்காது. இந்த வகையில் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்ப்ரஷன் எடுத்து எழுதி வையுங்கள்.

கம்ப்ரஷன் குறைந்தால் வால்வா, பிஸ்டன் ரிங்கா என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் சூடாக இருக்கட்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஃப்யூவல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஐந்தாறு துடிப்பு வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் அளவு பொய். மற்ற சிலிண்டர்களைவிட ஒன்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்லெட். ஆயில் ஊற்றும் மூடியில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

சீக்வென்ஷியல் கிட்டில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் உள்ள வகை) லீன் கலவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் கம்ப்யூட்டரான ஈசியூவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம் (ஈசியூ எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். பெட்ரோலில் 2 சதவீதம் காட்டியது, கேஸில் 15-க்குப் போனால் கேஸ் குறைவாகப் போகிறது, ஈசியூ கூட்டிக் கூட்டிச் சமாளிக்கிறது என்று அர்த்தம். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் இருப்பதால் அந்தச் சமாளிப்பு நடக்கும். முழு ஆக்சிலரேட்டரில் ஈசியூ பொதுவாக அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை. கேஸ் மேப்பில் உள்ள தவறு அங்கே அப்படியே எஞ்சினுக்குள் போகும். வால்வு அதிகம் சூடாகும் நேரமும் அதுதான். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் மட்டும் டியூன் செய்து அனுப்பும் கடைகளிடம் இதனால்தான் கறாராக இருக்க வேண்டும். லேப்டாப்பை மாட்டி மூன்றாம் கியரில் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வேகத்தில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது பெட்ரோல் இன்ஜெக்ஷன் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மேப் சரியாக இருந்தும் சில மாதங்களில் லீன் ஆவதற்கு, அடைபட்ட கேஸ் ஃபில்டர்தான் பொதுவான காரணம். விலை மலிவான சாமான், 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அடுத்தது, டயஃப்ரம் தளர்ந்த ரெடியூசர். ஐடிலிங்கில் அழுத்தம் ஒரு பார் அளவுக்குச் சரியாகக் காட்டும், மிதித்தால் சரியும்.

வால்வுக்கென்று சொட்டு மருந்து மாதிரி ஒரு ஆயில் கிட் விற்கிறார்களே, போடலாமா?

மென்மையான சீட் உள்ள எஞ்சினில் தேய்மானத்தைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே இறங்கிய சீட்டை ஏற்றாது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளாஷ்லூப் போன்ற திரவங்களுக்கு ஒரு லிட்டர் எரிபொருளுக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. அதாவது 40 லிட்டர் கேஸ் தீரும்போது புட்டியில் 40 மில்லி குறைந்திருக்க வேண்டும். சொட்டு எண்ணுவதைவிட இப்படி அளப்பதே நம்பகம்.

வேக்குவத்தில் இழுக்கும் மலிவு வகையில் ஒரு கோளாறு உண்டு. வேக்குவம் அதிகம் இருப்பது ஐடிலிங்கில். சிக்னலில் நிற்கும்போது தாராளமாகச் சொட்டும், மேட்டில் முழுசாக மிதிக்கும்போது கிட்டத்தட்ட நின்றுவிடும். தேவையோ நேர் எதிர். வாங்குவதானால் இன்ஜெக்ஷனுக்கு ஏற்பத் தெளிக்கும் எலக்ட்ரானிக் வகையை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயோடு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை டேப்பெட் அளப்பதற்குச் செலவிடலாம்.

ஓட்டும் முறையில் என்ன செய்யலாம்?

நகரத்துக்குள் கேஸில் தாராளமாக ஓட்டுங்கள். சீட்டுக்குப் பகை நீண்ட நேர அதிக ஆர்பிஎம்தான். 3500-க்குக் கீழே ஓட்டினால் ஆயுள் கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது போன்ற மலைச்சாலையில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில கிட்டுகளில் குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேலே தானாகப் பெட்ரோலுக்கு மாறும்படியோ, கொஞ்சம் பெட்ரோலும் சேரும்படியோ அமைக்கலாம்.

நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் பெட்ரோலில் ஓட்டுவது வால்வைக் காப்பாற்றாது. பெட்ரோல் இன்ஜெக்டர் காய்ந்து போகாமல் இருக்க மட்டுமே அது உதவும்.

ரேடியேட்டருக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?

சீட்டின் சூட்டை வாங்கிக்கொள்வது ஹெட்டுக்குள் ஓடும் தண்ணீர். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சீட்டைச் சுற்றியுள்ள வழிகளில் உப்புப் படிந்து சூடு இறங்காது. தயார்நிலைக் கூலண்ட்டையே ஊற்றுங்கள். கிட் மாட்டிய பிறகு ரெடியூசருக்குப் போகும் ஹோஸில் காற்று அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் ஆயில் கறுக்கவே இல்லை, தள்ளிப் போடலாமா?

வேண்டாம். கேஸில் கரி இல்லாததால் நிறம் மாறாது, ஆனால் ஆயில் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். கிலோமீட்டர் கணக்குப்படி மாற்றுங்கள்.

ஹெட் வேலைக்குக் கொடுத்தால் லேத்தில் என்ன சொல்ல வேண்டும்?

"வால்வு கிரைண்டிங் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால், பழைய சீட்டையே பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். வால்வு இன்னும் கொஞ்சம் புதையும், அடுத்த வருடம் அதே வேலை. எக்ஸாஸ்ட் சீட் வளையத்தைக் கேஸுக்கு ஏற்ற கடின உலோகத்தில் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

அலுமினிய ஹெட்டில் வளையம் துளையைவிட ஏறக்குறைய 0.10 மி.மீ. பெரிதாக இருந்து, ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்து இறக்க வேண்டும். தளர்வாகப் போட்டால் ஓட்டத்தில் கழன்று விழுந்து பிஸ்டனையே உடைக்கும். அதற்கு முன் கைடை (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) பாருங்கள். கைடு ஆடினால் வால்வு கோணலாக உட்காரும், எவ்வளவு நல்ல சீட்டும் நிற்காது. வால்வைப் பாதி திறந்து பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் கையில் தெரியும்.

சீட் முகம் பெரும்பாலும் 45 டிகிரி. எக்ஸாஸ்ட்டில் அகலம் ஒன்றரை மி.மீ. அளவுக்கு இருக்கட்டும். ரேஸ் வண்டி மாதிரி மெல்லியதாக வெட்டினால் சூடு இறங்கப் போதாது.

அடிக்கடி விட்டுப்போவது ஒன்று: புது சீட், புது வால்வு போட்ட பின் தண்டின் உயரம் மாறிவிடும். தண்டு மேலே அதிகம் நீட்டினால் கிளியரன்ஸே வைக்க முடியாது, ஸ்பிரிங்கின் அழுத்தமும் குறையும். ஹெட்டை மாட்டுவதற்கு முன், மேசைமேல் இருக்கும்போதே தண்டின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கம்பஷன் சேம்பர் பக்கம் கசிகிறதா என்றும் பாருங்கள். புது சீட் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் படியும். எனவே 1,000-ல் ஒருமுறை, 5,000-ல் ஒருமுறை கிளியரன்ஸ் பார்ப்பது அவசியம்.

வீட்டு சிலிண்டர் கேஸை ஏற்றினால் வால்வுக்குக் கெடுதலா?

வால்வைப் பற்றிக் கவலைப்படும் கட்டமே அல்ல அது. சட்டப்படி குற்றம், ஏற்றும் முறையும் ஆபத்து. ஆட்டோ எல்பிஜிக்கு ஐஎஸ் 14861 என்ற தனித் தரம் இருக்கிறது, கிட் டியூன் செய்வதும் அதற்குத்தான்.

கிட் மாட்டிய பழைய கார் வாங்கப் போகிறேன். வால்வை எப்படிச் சோதிப்பது?

முந்தின இரவிலிருந்து எடுக்காத வண்டியாக இருக்கட்டும் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் எடுத்து ஐடிலிங்கில் விடுங்கள். ஒரு நோட்டுத் தாளை சைலன்சர் வாயில் ஓரமாகப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் தாளை ஒரே சீராக வெளியே தள்ளும். நடுநடுவே தாள் உள்ளே இழுபட்டு வாயில் ஒட்டிக்கொண்டால் ஏதோ ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. விலையில் ஹெட் வேலைக்கான தொகையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.